விறகு வழங்காத தொண்ணூறு நாட்கள்

ஒரே வருடத்தில் பட்டாளம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்தது. முதல் தடவை சரியாகப் பிடிபடவில்லையோ என்னவோ. அதற்குப் பிறகு பீஜியிலிருந்து டாக்டர்கள் போனார்கள், வாத்தியார்கள் போனார்கள், பேரேடு எழுதத் தெரிந்தவர்களும் கரண்டு வேலை தெரிந்தவர்களும் போனார்கள். போகாமல் மிச்சமிருந்தவர்களை வைத்து நாட்டைத் தூக்கி நிறுத்த என்ன வழி என்று மேலிடத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள். யோசித்தவருக்கு, நாட்டில் விறகின் தரம் சரியில்லை என்று பட்டிருக்கிறது.

அப்படித்தான் சுவாவில், சமபுலாவில், ஒரு துணிக்கடையின் மாடியில் விறகுத் தர அங்கீகார வாரியம் பிறந்தது. ஒரு டைரக்டர், இரண்டு குமாஸ்தாக்கள், ஏழு ரப்பர் முத்திரைகள். தர விதிகள் நூற்று நாற்பத்தாறு. உள்ளூரில் எழுத ஆள் இல்லாததால் விதிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். எந்த நாடு என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. பனி கொட்டுகிற நாடு என்பது மட்டும் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இது எதுவும் ரக்கிரக்கியில் இருந்த பொன்சாமிக்குத் தெரியாது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்துபோன பிறகு இருபது வருடமாக விறகு விற்று வந்தார். ஒரு லாரி, மரம் அறுக்கும் ரம்பம் ஒன்று, வீட்டுப் பின்னால் ஒரு விறகுக் கொல்லை. கல்யாணச் சமையலுக்கு, ரொட்டிக் கடைக்கு, கோயில் தீமிதிக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுடுகாட்டுக்கு, அவர் கட்டைதான் போகும். கடலோரச் சேற்றில் வளரும் டோகோ மரம். பிடித்தால் கடைசிச் சாம்பல் வரை நின்று எரியும். அவரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் எரிந்துவிட்டார்கள் என்று அவரே தமாஷாகச் சொல்வார்.

அவர் மகள் ஷலேஷ்னி பிரிஸ்பனில் இருந்தாள். அப்பா அம்மாவுக்கு விசா வாங்கியிருந்தாள். நவம்பர் முப்பதுக்குள் இருவரும் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் விசா செத்தது. மனைவி இந்திராவதி மார்ச் மாதமே பசுவை விற்றுவிட்டு, இரண்டு பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தயாராக வைத்துவிட்டாள்.

நாட்டை விட்டுப் போக வரிப் பாக்கி இல்லை என்று ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்துக்கு, வியாபாரத்தை மூடிவிட்டேன் என்று இன்னொரு காகிதம் வேண்டும். விறகு வியாபாரத்தை மூடிய காகிதம் சமபுலாவில் கொடுக்கிறார்கள் என்றார்கள். பொன்சாமி கிங்ஸ் ரோடு பஸ்ஸில் ஏறி, ஆறு மணி நேரம் குலுங்கி, துணிக்கடை மாடியைக் கண்டுபிடித்தார்.

டைரக்டர் கமலேஷ் நாற்பது வயதுக்காரர். அவருடைய தகப்பனார் ரக்கிரக்கிப் பக்கத்துக்காரர்தான்; பொன்சாமிக்கு நன்றாகத் தெரிந்த மனிதர். கமலேஷுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. ஹிந்தியில் மரியாதையாக உட்காரச் சொல்லி, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, ஆங்கிலத்துக்கு மாறினார். கெட்ட சேதி எல்லாம் அவருக்கு ஆங்கிலத்தில்தான் வரும்.

பதிவேட்டில் பொன்சாமி என்று ஒரு விறகு வியாபாரியே கிடையாது என்றார். அங்கீகாரம் இல்லாதவர் விறகு விற்க முடியாது. விற்கவே முடியாதவர் விற்பதை எப்படி நிறுத்துவார்? இல்லாத கடையை மூடியதாக வாரியம் எழுதிக் கொடுத்தால் அது பொய்ச் சான்றிதழ் ஆகிவிடாதா?

“முதலில் சட்டப்படி ஆரம்பியுங்கள், மாமா. பிறகு நிறுத்தலாம்.”

இருபது வருடமாக விற்றது என்ன கணக்கு என்று பொன்சாமி கேட்டார். அது தரமில்லாத காலம் என்றார் கமலேஷ்.

மூடுவதற்காகத் திறக்கிற வேலை ஏப்ரலில் தொடங்கியது. கமலேஷ் நேரிலேயே கொல்லைக்கு வந்தார். கையில் அளவு நாடாவும், கட்டையில் குத்தி ஈரம் பார்க்கும் முள் வைத்த கருவியும் இருந்தன. விதிப்படி விறகு முப்பத்துமூன்று சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பொன்சாமியின் சுடுகாட்டுக் கட்டைகள் ஆறடி. இது எந்த அடுப்பில் நுழையும் என்று கமலேஷ் கேட்டார்.

“இது அடுப்புக்கு இல்ல தம்பி, ஆளுக்கு,” என்றார் பொன்சாமி.

கமலேஷ் அடுப்பின் வகை என்ற கட்டத்தில் ‘திறந்தது’ என்று எழுதினார். அடுத்த கட்டம் புகைபோக்கியைப் பற்றியது. சுடுகாட்டுக்குப் புகைபோக்கி இல்லை என்பதற்கு ஊர்ப் பெரியவர்கள் இருவரின் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் கூரை. விறகு அடுக்கிய கொட்டகையின் கூரை, நான்கடி பனியைத் தாங்க வேண்டும் என்பது விதி இருபத்திரண்டு. ரக்கிரக்கியில் பனி பெய்ததை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று பொன்சாமி கேட்டார். கமலேஷ் கோபப்படவில்லை. புயல் வரும் என்று போன தலைமுறையில் யார் நினைத்தார்கள் என்று திருப்பிக் கேட்டார். போன தலைமுறையிலும் புயல் வந்துகொண்டுதான் இருந்தது. பொன்சாமி கூரைக்குப் புதிதாக விட்டங்கள் போட்டார். பனிக்குப் பதிலாக மாவு மூட்டைகளை ஏற்றிச் சோதித்தார்கள். முப்பத்தெட்டாவது மூட்டையில் கூரை ஒரு பக்கம் இறங்கியது. மறுபடி கட்டினார். இரண்டாவது சோதனைக்கு ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அன்று கூரை நின்றது. இன்றைக்கும் அந்த மாவட்டத்தில் பனிக்குப் பயப்படாத ஒரே கட்டடம் அதுதான்.

கடைசியாக வந்ததுதான் பெரிய முடிச்சு. ஒவ்வொரு லோடு விறகுக்கும் ‘இறுதிப் பயனாளி’ திருப்திப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். விறகின் சூட்டை நேரடியாக அனுபவித்தவர்தான் இறுதிப் பயனாளி என்று விதியில் விளக்கம் இருந்தது. பொன்சாமியின் சரக்கில் முக்கால் பங்கு சுடுகாட்டுக்குப் போவது. அவர் படிவங்களை வெறுமையாக அனுப்பினார். அவை திரும்பி வந்தன. ‘பயனாளிக்குக் கையெழுத்து வராவிட்டால் கைநாட்டு போதும்’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தது.

இதை ஆராய வாரியம் மூன்று கூட்டம் போட்டது. இறந்தவர் சார்பில் வாரிசு கையெழுத்துப் போடலாம் என்றும், அதற்கு இறந்தவர் கொடுத்த அனுமதிக் கடிதம் இணைக்கப்பட வேண்டும் என்றும் முடிவானது. நான்காவது கூட்டத்தில் அனுமதிக் கடிதத்தை விட்டுக்கொடுத்தார்கள். வாரியத்தின் மனிதாபிமானம் என்று கமலேஷ் பின்னாளில் மேடைகளில் எடுத்துச் சொன்னது இதைத்தான்.

ஜூலை இருபத்திரண்டில், மார்டின்டாரில் ஒரு ஹோட்டலில் அங்கீகார விழா நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் விண்ணப்பித்தவர்கள் நாற்பத்தொரு பேர். அங்கீகாரம் பெற்றவர் பொன்சாமி ஒருவர்தான். மற்றவர்களுக்கு மூடுவதற்கு அவசரம் இல்லை, அதனால் யாரும் பனிக்கூரை வரைக்கும் போகவில்லை. விருந்துக்கு மண்ணுக்குள் வைத்துச் சுடுகிற லோவோ ஏற்பாடாகியிருந்தது. ஹோட்டலுக்கு விறகு கொண்டுவந்தவருக்கு அங்கீகாரம் இல்லை என்று காலையில் தெரிந்து, அதை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் சாண்ட்விச் கொடுத்தார்கள்.

கமலேஷ் மேடையேறிப் பேசினார்.

“நாற்பத்தொரு பேர் வந்தார்கள். நாற்பது பேரை நாம் தடுத்திருக்கிறோம். தரம் என்றால் என்ன என்று என்னைக் கேட்கிறார்கள். எத்தனை பேரைத் தடுத்தோமோ அதுதான் தரம். நாட்டில் இன்று விறகு குறைந்திருக்கலாம். ஆனால் இல்லாத விறகைப் பற்றி இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை.”

கைதட்டினார்கள். பொன்சாமியின் கழுத்தில் பூமாலை விழுந்தது. மாலையோடு மேடையை விட்டு இறங்கிய கையோடு, மடித்து வைத்திருந்த மூடல் விண்ணப்பத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கமலேஷிடம் நீட்டினார். கமலேஷின் முகம் சிறுத்துப்போனது. இருந்த ஒரே பிள்ளை வீட்டை விட்டுப் போகிறேன் என்றதுபோலப் பார்த்தார். ஆனால் விதி விதிதான். விதி நூற்றுப் பன்னிரண்டு: மூட விரும்பும் வியாபாரி தொடர்ந்து தொண்ணூறு நாள் யாருக்கும் விறகு வழங்காமல் இருந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு படிவம் நிரப்பித் தபாலில் சேர்க்க வேண்டும். நவம்பர் முப்பதுக்கு நிறைய நாள் இருந்தது. பொன்சாமி சந்தோஷமாகவே ஊர் திரும்பினார்.

விறகு விற்காமல் இருப்பது சுலபமான வேலை என்று அவர் நினைத்தார். கல்யாண வீட்டார் வந்தார்கள். கையைக் கூப்பி அனுப்பினார். ரொட்டிக் கடைக்காரன் திட்டிவிட்டுப் போனான். முப்பது நாள் ஓடியது. முப்பத்தோராம் நாள், எதிர்வீட்டுக் கம்லாவின் புருஷன் மாரடைப்பில் போய்விட்டான். கம்லாவின் மகன்கள் இரண்டு பேரும் சிட்னியில். அண்டை வீட்டுக்காரர்கள் வந்து பொன்சாமியின் வாசலில் நின்றார்கள்.

அந்த ஊரில், எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கரும்புத் தோட்டக் கூலி லைன்களில் இருந்த காலத்தில் தொடங்கியது. சாவு வீட்டிலிருந்து கட்டை கேட்டு வந்தால் இல்லை என்ற சொல் வாயில் வரக்கூடாது. விலை பேசக்கூடாது. கட்டை வைத்திருப்பவன் தன் கையால் முதல் கட்டையைத் தூக்கி வண்டியில் போட வேண்டும். பொன்சாமி போட்டார். விற்கவில்லையே, கொடுத்ததுதானே என்று நினைத்தார். அன்றைய படிவத்தில் விற்பனை இல்லை என்று எழுதிவிட்டு, குறிப்பு என்ற கட்டம் காலியாக இருக்கிறதே என்று, எதிர்வீட்டுச் சாவுக்குத் தருமமாக ஒரு லோடு போட்டதையும் எழுதினார். அதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பது நாளில் பதில் வந்தது. வழங்கல் என்பதில் தருமமும் அடங்கும். எண்ணிக்கை ஆகஸ்ட் இருபத்தைந்திலிருந்து மறுபடி ஒன்றில் தொடங்குகிறது. நவம்பர் இருபத்திரண்டோடு தொண்ணூறு நிறையும். இன்னும் எட்டு நாள் கைவசம் இருந்தது. இந்திராவதி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த அடுப்படியிலும் சிக்கல் முளைத்தது. டீ போட அவள் கொல்லையிலிருந்து நாலு சுள்ளி எடுத்ததைப் பார்த்து பொன்சாமிக்குத் திகில் பிடித்தது. தன் வீட்டு அடுப்புக்குப் போவது வழங்கலா என்று கேட்டு எழுதினார். குடும்பமும் நுகர்வோரே என்று பதில் வந்தது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள். நாட்டில் அப்படி ஒருவர்தான் இருந்தார், அவர் வழங்காமல் இருந்தார். பன்னிரண்டு லோடு காய்ந்த கட்டைக்கு நடுவில் குடித்தனம் நடத்திய அந்த இருவரும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கஞ்சி காய்ச்சினார்கள்.

செப்டம்பர் போனது. அக்டோபர் போனது. ஊரில் யாருக்காவது இருமல் வந்தால் பொன்சாமிக்குத் தூக்கம் போகும். இரண்டு பேர் செத்தார்கள்; ஒருவர் கிறிஸ்தவர், இன்னொருவர் நான்டி ஆஸ்பத்திரியில் இறந்து அந்த ஊரிலேயே தகனமானார். இரண்டு சேதியும் வந்தபோது பொன்சாமிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

எண்பத்தேழாம் நாள் காலை, கொல்லை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கமலேஷ் இறங்கினார். செருப்பு இல்லை. அளவு நாடா இல்லை. மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த பாஷை எங்கிருந்தோ அவர் வாய்க்கு வந்தது.

“மாமா, அப்பா போய்ட்டாங்க. கட்டை வேணும்.”

பொன்சாமி அசையாமல் நின்றார். இந்திராவதி அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“மூணு நாளுதாங்க. ஆஸ்பத்திரி ஐஸ்ல வைக்கச் சொல்லுங்க. எல்லாம் ஆபீசருதானே, வைக்கமாட்டாங்களா?”

“நம்ம வூட்டு ஆளா இருந்தா வைப்பியா நீயி?”

“நம்ம வூட்டு ஆளு அங்க காத்துக்கிட்டு இருக்குது. அத நெனச்சீங்களா?”

அவர் முழங்கையை விடுவித்துக்கொண்டார். வெளியே கமலேஷ் மண்ணில் உட்கார்ந்திருந்தார். ஆபீசுக்கு இது தெரிய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன், மகனாகத்தான் வந்திருக்கிறேன் என்று ஹிந்தியில் அழுதார். பொன்சாமி நல்ல டோகோவாகப் பார்த்து, தன் கையால் முதல் கட்டையை எடுத்து லாரியில் போட்டார். இந்திராவதிதான் போய்க் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். அன்று சாயங்காலம் சுடுகாட்டில் தீ நன்றாகப் பிடித்தது. கமலேஷ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நவம்பர் இருபத்திரண்டு தாண்டி மூடல் காகிதம் வாங்கப் போனவருக்கு, குமாஸ்தா வேறொரு கடிதத்தைக் கொடுத்தாள். பத்தொன்பதாம் தேதி ஒரு லோடு வழங்கப்பட்டதாக வாரியத்துக்கு நம்பகமான தகவல் கிடைத்திருக்கிறது. எண்ணிக்கை இருபதாம் தேதி முதல் மறுபடி தொடங்குகிறது. கூடவே ஒரு திருப்திப் படிவத்தின் நகல் இருந்தது. இறுதிப் பயனாளிக்காக வாரிசு போட்ட கையெழுத்து கமலேஷினுடையது. பத்துக்குப் பத்து மார்க்.

உள்ளே கமலேஷ் மொட்டைத் தலையோடு நாற்காலியில் இருந்தார். எழுந்து வந்து பொன்சாமியைத் தழுவிக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் தொடங்கினார்.

“எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை, மாமா. மறைத்திருக்கலாம். ஆனால் யாருடைய விஷயத்தில் மறைப்பது? என் தகப்பன் விஷயத்தில். பொய்யின்மேல் அவர் எரிந்ததாக ஆகிவிடாதா? தரத்தை அவரவர் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாரியத்தின் சரித்திரத்திலேயே முழு மார்க் வாங்கிய விறகு உங்களுடையதுதான். அந்தப் படிவத்தை நான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன்.”

பொன்சாமிக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அவர் வாழ்க்கையில் யாரையும் அறைந்ததில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்கு விசா போய்விடும் தம்பி என்று மட்டும் சொன்னார்.

விசா என்ற சொல் காதில் விழுந்ததும் கமலேஷின் முகம் மலர்ந்தது. தனக்குக் கனடா விசா வந்துவிட்ட சேதியைச் சொன்னார். தர அங்கீகார நிபுணர் என்ற பிரிவில் கிடைத்ததாம். இதுவரை யாருக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறாய் என்று அந்த நாட்டுக்காரர்கள் கேட்டார்களாம். பொன்சாமியின் கோப்பை, பனிக்கூரைப் படத்தோடு அனுப்பினாராம். கூரையைப் பார்த்து அவர்கள் மிகவும் திருப்திப்பட்டார்களாம்.

“நீங்கள் இல்லையென்றால் எனக்கு விசா இல்லை, மாமா. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.”

நீங்கள் தொண்ணூறு நாள் இருந்து காட்ட வேண்டாமா என்று பொன்சாமி கேட்டார். டைரக்டருக்கு ஒரு நாள் நோட்டீஸ் போதும் என்றார் கமலேஷ். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் கனடாவுக்கு விமானம் ஏறினார்.

பிரிஸ்பனில் ஷலேஷ்னி ஓடாத ஆபீஸ் இல்லை. ஒருவராவது நவம்பருக்குள் வந்துவிட்டால், மற்றவருக்குப் பிப்ரவரி கடைசி வரை, ஒரே ஒரு தடவை, தவணை கொடுப்பதாகச் சொன்னார்கள். இருபத்தெட்டாம் தேதி நான்டி விமான நிலையத்திலிருந்து இந்திராவதி ஒரு பெட்டியோடு போனாள். மற்றப் பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருந்தது. போகும்போது அவள் அழவில்லை. அவருடைய சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டு, “யாரு வந்து நின்னாலும் கதவ தொறக்காதீங்க,” என்றாள். சொன்ன அவளுக்கும் தெரியும், அவர் திறப்பார் என்று.

புது எண்ணிக்கை பிப்ரவரி பதினேழோடு முடிகிறது. பொன்சாமி வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஊரைச் சுற்றக் கிளம்பிவிடுவார். சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்பார். இளைப்புக்காரியை டாக்டரிடம் லாரியில் கூட்டிக்கொண்டு போவார். போதை தரும் நங்கோனா வேர்ச்சாற்றை அதிகம் குடிக்கிறவர்களிடம் கிண்ணத்தைப் பிடுங்கி வைப்பார். பிள்ளைகள் எல்லாம் கடல் கடந்து போய்விட்ட வீடுகளில் இப்படி ஒரு மனிதர் வந்து நிற்பது பெரிய ஆறுதலாக இருந்தது. கோயில் கூட்டத்தில் அவருக்குச் சால்வை போட்டார்கள். சால்வை கழுத்தில் விழுந்தபோது அவர் வெட்கத்தால் தலையைத் தூக்கவில்லை. எவ்வளவு அடக்கம் என்று அதையும் பாராட்டினார்கள்.

அப்பல்சாமி என்று எண்பத்து மூன்று வயதுக் கிழவர் ஒருவர் இருந்தார். கரும்பு மில்லில் வேலை பார்த்தவர். டிசம்பரிலிருந்து படுக்கை. ஜனவரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். பொன்சாமி தினமும் போய் இளநீர் கொடுத்தார், கால் பிடித்துவிட்டார், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரி மூன்றாம் தேதி கிழவர் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“பெத்த புள்ளைங்க செய்யாதத நீ செய்யிற, பொன்சாமி. எனக்கு நேரம் வந்துடுச்சி. நான் போனா ஒன் கையால நல்ல டோகோ போடுவியா?”

போடுகிறேன் என்றார் பொன்சாமி. சொல்லிவிட்டு அவர் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. இத்தனை நாள் எதற்காக இளநீர் கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வாரியத்தையும் விதியையும் விசாவையும் இந்திராவதியையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“பதினேழாந் தேதி தாண்டிப் போண்ணே. ஒன் கால்ல விழுறேன்.”

அப்பல்சாமிக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. இன்னிக்கு என்ன தேதி என்று கேட்டார். மூணு என்றார் பொன்சாமி. கிழவர் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

“அந்தக் காலண்டர எடுத்து, எனக்குத் தெரியறாப்புல இந்தப் பக்கமா மாட்டு,” என்றார்.

பொன்சாமி ஆணியைப் பிடுங்கிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அடித்து, காலண்டரை மாட்டினார்.